ஓடத் தெரிந்தவர்கள்

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம். இல்லையேல் தூர எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். பேரும் புகழும் எறிகிறவனுக்கு, ஓடுகிறவனுக்குப் புழுதிதான்.

ஹட்ஸன் நதிக்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி இருக்கிறது. அதன் குழு 2012-ல் பெரும்பாலும் ஓடியே ஆடியது. காரணம் உண்டு. படித்து முடித்ததும் பட்டாளத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அவர்கள். மலை மலையான ஆட்களை அங்கே சேர்த்துக்கொள்வதற்கில்லை. மோதி ஜெயிக்க முடியாதவனைத் திகைக்க வைத்துத்தானே ஜெயிக்க வேண்டும்? எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்த்து, ஆட்டத்தை நடத்துகிறவன் பந்தை நடுவே புகுகிறவனிடம் கொடுப்பான். அல்லது தானே எடுத்துக்கொண்டு ஓடுவான். அல்லது கூட ஓடி வருகிறவனிடம் தட்டிவிடுவான். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில்.

அந்த ஆண்டு ஓட்டத்தில் முதல் தரக் கல்லூரிகள் அத்தனையிலும் அவர்களே முதல். ஆட்டத்துக்குச் சராசரி சுமார் 370 கெஜம். ஆனால் பன்னிரண்டு ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு! ஒரு பாடத்தில் மாகாணத்துக்கே முதலாக வந்து, பரீட்சையில் கோட்டை விட்ட பையனைப் போல. எதிரிகளைத் தடுக்கத் தெரியவில்லை. பின்தங்கிவிட்டாலோ, ஓடி ஓடி ஈடுகட்டுவதற்குள் கடிகாரம் ஓடிவிடும்.

"வேறு விதமாக ஆடிப் பார்க்கக் கூடாதா?" என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னையும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஒரு விதமாக எழுதத்தான் எனக்கு வருகிறது.

டிசம்பர் 8-ஆம் தேதி, பிலடெல்பியாவில் கடற்படைக் கல்லூரியுடன் கடைசி ஆட்டம். அவர்களும் ஓடுகிற கூட்டம்தான். ஆனாலும் வேண்டிய வேளையில் பந்தை 49 கெஜம் எறிந்து, 17-13 என்று முன்னே போய்விட்டார்கள். ராணுவக் குழு தனக்குத் தெரிந்ததையே செய்தது. எதிரியின் எல்லைக்குப் பதினான்கு கெஜம்வரை வந்துவிட்டது. மிச்சம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். ட்ரெண்ட் ஸ்டீல்மன் பந்தைத் தோழனிடம் கொடுக்கப்போனான். கைக்குக் கை மாறுகிற அந்த இடத்தில் பந்து நழுவிற்று. ஆயிரம் தடவை பழகிய காரியம்! நான்கு வருஷம் ஆடியும் கடற்படையை ஒரு தரம்கூட ஜெயிக்காதவன் அவன். அன்று அழுதான். முடிவு தெரிந்தேதான் பின்னால் படத்தில் பார்த்தேன். அப்படியும் என் கை தானாக முன்னே நீண்டது.

ஆட்டம் முடிந்ததும் இரு கல்லூரிப் பாட்டுகளையும் இரு குழுவும் சேர்ந்து நின்று பாடுவது வழக்கம். தோற்றவர் பாட்டு முதலில். ராணுவத்தின் பாட்டு 2002 முதல் பதினான்கு வருஷம் முதலிலேயே ஒலித்தது. 2016-ல் 21-17 என்று ஜெயித்து, இரண்டாவதாகப் பாடினார்கள். பயிற்சியாளர் மாறியிருந்தார், ஓடுகிற ஆட்டம் மாறவில்லை.

ஸ்டீல்மன் படித்து முடித்துப்போய் அப்போது மூன்று வருஷத்துக்கு மேலாகியிருந்தது.