நிறுத்திக் கேட்ட கேள்வி



நான் விழுப்புரத்தில் வசித்தாலும், திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள கிளைச் சபைக்கு மாதம் இருமுறை சென்று ஊழியம் செய்வதை நீங்கள் அறிவீர்கள். 2022ஆம் ஆண்டில் அங்கே ஓய்வுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்தோம். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்றார்கள். ஆதியாகமத்தில் வரும் நாட்களோடு இதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. “வேதத்தைச் சந்தேகிக்காதே, உட்கார்” என்றேன். உட்கார்ந்தான். அதன்பின் பல வாரங்கள் அவன் எதுவுமே கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் பக்தி என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாலை அவன் வீட்டாரைச் சந்திக்கச் சென்றேன். அடுத்த வீட்டுத் திண்ணையில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெருந்தொற்றினால் பிள்ளைகள் இழந்த கற்றலை மீட்பதற்காக, 2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. தன்னார்வலரான இளம்பெண் தம் கைப்பேசியில் கல்மரங்களைப் பற்றிய காணொலி ஒன்றைக் காட்டினார். பாதியில் அதை நிறுத்தினார்.

“இந்த மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. ஏன்?”

“யாராவது வெட்டியிருப்பார்கள், அக்கா.”

“அப்படியானால் வெட்டிய தடம் இருக்க வேண்டுமே?”

“வெள்ளம் அடித்து வந்திருக்கும்” என்றான் நம் மாணவன். “அதற்கு எதைச் சான்றாகத் தேடுவாய்?” என்று அவர் மீண்டும் கேட்டார். பிள்ளைகள் வாதிட்டு முடித்த பிறகே காணொலி தொடர்ந்தது. வேறிடத்தில் வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தன என்றும், நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் இழைகளில் படிந்து அவற்றைக் கல்லாக்கியது என்றும் விளக்கம் வந்தது. பிள்ளைகள் தங்கள் ஊகத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் முன்பாக மௌனமாயிருந்த அந்த மகன், அங்கே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வெட்கப்பட்டேன்.

2018 முதல் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் வந்தன, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. விடைகள் இன்று விரல்நுனியில் இருக்கின்றன. ஆனால் அன்று பிள்ளைகளைச் சிந்திக்க வைத்தது ஓடிய காணொலி அன்று. அதை நிறுத்திய கை. கருவி விடையைத் தரும். விடைக்கு முன் காத்திருக்கவும், சான்று கேட்கவும் கற்றுத்தர ஒரு மனிதர் அருகில் அமர வேண்டும்.

நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டதோடு அவர்களை வினவவும் செய்தார் என்று லூக்கா எழுதுகிறார். அவரை உட்காரச் சொல்லி ஒருவரும் அதட்டவில்லை. பெரோயா பட்டணத்தாரோ பவுலின் பிரசங்கத்தையே நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை, மெச்சப்பட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சபையார் முன்பாக அந்த மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு திருவக்கரைக்குச் சென்றேன். அந்தக் கல்மரங்களின் அருகே அமர்ந்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தோம். அவன் கேள்விக்கு முழு விடை அன்று கிடைக்கவில்லை. ஆயினும் அவன் அதைத் தனியே சுமக்கவில்லை.

பெற்றோரே, இந்த வாரம் உங்கள் பிள்ளை கைப்பேசியில் பாடம் பார்க்கும்போது அருகில் அமருங்கள். ஒருமுறை நிறுத்தி, “நீ என்ன நினைக்கிறாய்? எதனால்?” என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.

ஆண்டவரே, சிறியோரின் கேள்விகளுக்கு அஞ்சாத உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.