நட்டைத் திருப்பு, போல்ட்டைப் பிடி

பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, வேலை போயிடுச்சா?" மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

வேலை போகவில்லை. அனாபொலிஸ் பக்கம், செசபீக் விரிகுடாவின் ஒரு கிளையில் கட்டி நிற்கும் 28 அடிப் படகு அது. 1982ல் கட்டியது. மகளுக்குப் பத்து வயதில் வாங்கினேன். அப்போதெல்லாம் சனிக்கிழமை காலை எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருப்பாள். இப்போது பதினைந்து. "ஹோம்வொர்க் இருக்குப்பா" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடுவேன்.

போன ஆகஸ்டில் ஒரு மாலை பலத்த இடிமழை. இங்கே கோடையில் அது சகஜம்தான். மறுநாள் போய்ப் பார்த்தால் பின்பக்கத்துக் கிளீட் ஒன்று ஆடுகிறது. கிளீட் என்பது, கரையில் கட்டும் கயிற்றைச் சுற்றி வைக்கும் உலோகக் கொம்பு. எங்கள் படகில் அப்படி நாலு. அவற்றை நம்பித்தான் படகு நிற்கிறது.

கழற்றி மாட்டலாம் என்றால், நட்டு டெக்குக்கு அடியில் இருக்கிறது. இந்த மாதிரிப் படகுகளில் பெரும்பாலும் இந்தச் சாமான்களை டெக்கில் பொருத்திய பிறகுதான் டெக்கைத் தூக்கிப் படகின்மேல் வைத்து மூடுவார்கள். நாற்பது வருஷம் கழித்து ஒருத்தன் உள்ளே கை விட வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கு என்ன கவலை? பின்பக்க லாக்கருக்குள் தலையைக் கொடுத்து, டீசல் டேங்கைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். என் தோள் லாக்கர் வாசலிலேயே நின்றுவிட்டது.

"மேலேயிருந்தே ஸ்க்ரூ போட்டு முடிச்சுடுங்க" என்றார் ஒரு நண்பர். டெக் பார்க்கத்தான் கெட்டி. உண்மையில் அது ஒரு சாண்ட்விச்: மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ், நடுவில் பஞ்சு போன்ற பால்சா மரம். வெறும் ஸ்க்ரூ அதில் எவ்வளவு நாள் பிடிக்கும்? அடியில் ஒரு தகடு வைத்து நட்டு போட்டால்தான் இழுவை பரவும்.

ஒல்லியான ஆள் தேவை. கதவைத் தட்டினேன். "ஒரு மணி நேர வேலைம்மா. பீட்சா வாங்கித் தரேன்."

நான்கு சனிக்கிழமைகள் ஆயிற்று. முதல் வாரம் பழைய கிளீட்டைக் கழற்றினோம். ஓட்டை வழியே ஊறி, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது பால்சா. வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, நல்ல மரம் வருகிறவரை சுரண்டி எடுத்துக் காயவிட்டோம். அடுத்த வாரம் அடியில் டேப் ஒட்டி, குழியை எபாக்ஸிப் பசையால் நிரப்பினோம். மூன்றாம் வாரம் அதன் நடுவில் புதிதாகத் துளை போட்டோம். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

கடைசி வாரம்தான் பொருத்துவது. கிளீட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் வைத்தேன். அவள் மல்லாந்து படுத்து லாக்கருக்குள் நகர்ந்தாள். முதல் நட்டு கை நழுவி அடியில் எங்கேயோ 'டிங்' என்றது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

"அப்பா, அது ஸ்டெயின்லெஸ். நம்ம வீட்டு சிங்க்ல காந்தம் ஒட்டுதா?"

அடுத்த நட்டை ஸ்பானரோடு சேர்த்து டேப்பால் ஒட்டிக்கொண்டாள். அவளாகக் கண்டுபிடித்தது.

உள்ளே இடமில்லை. ஒரு தடவைக்குக் கால் சுற்றுகூட வராது. எனக்குப் பொறுக்கவில்லை. மேலிருந்து ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்பினேன்.

"நீ திருப்புறியாப்பா? போல்ட்ட மேலே திருப்பினா சீல் கிழிஞ்சிடும்னு நீதானே சொன்னே! நட்டை நான் திருப்பறேன். நீ சும்மா பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். ஒரு நட்டுக்கு இருபது நிமிஷம்.

மூன்றாவது நட்டின்போது, டெக்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அப்பா, ஸ்கூல்ல இப்போ லஞ்சுக்கு யாரும் என்கூட உக்கார்றதில்ல."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. எப்போதிலிருந்து, ஏன், யார், டீச்சரிடம் பேசட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. "ம்" என்று மட்டும் சொன்னேன். ஸ்பானர் மெதுவாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மிச்சத்தையும் சொன்னாள். நான் ஸ்க்ரூடிரைவரை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலும் முடிந்ததும் மேலே ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே டார்ச்சோடு பார்த்தாள்.

"கசியுதாம்மா?"

"ஒரு சொட்டு கூட இல்லப்பா."

அன்று பீட்சாக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இன்னும் மூன்று கிளீட் பாக்கி இருக்கிறது. எனக்கு அவசரமில்லை.