அரைப்பேர்

ஆனித் திங்கள் பிறந்து, சாரல் தென்காசித் தெருக்களை நனைக்கத் தொடங்கிவிட்டால், ஊரெல்லாம் குற்றாலம் நோக்கிப் புறப்படும். பேரருவியில் தலை நனைத்து, ஐந்தருவியில் ஆடி மகிழ்ந்து திரும்புவோர் எத்தனை ஆயிரம்! எமது பாட்டியார் மட்டும் வருவதில்லை. மலையும் தூறலும் அவருக்கு இன்பக் காட்சிகள் அல்ல; அட்டை கடித்த கால்களின் நினைவுகள். அவர் பிறந்தது இலங்கையில், அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில்.

தென்காசிக் கோயிலை எழுப்பிய மன்னன் யார் என்று வகுப்பில் கேட்டால், பராக்கிரம பாண்டியன் என்று மாணாக்கர் உடனே சொல்வர். பாட்டனின் தந்தை பெயரென்ன என்று கேட்டால் விழிப்பர். ஏழையின் வரலாற்றைக் கல்லில் வெட்டுவோர் யார்?

இலங்கை மலைகளுக்குத் தமிழகத்து ஏழையரை முதலில் இழுத்தது காப்பி. 1869இல் இலைநோய் கண்டு அது அழியத் தொடங்கியது. சேம்சு டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, பாடு மாறவில்லை.

பாட்டியாரின் தந்தை 1920களில், சிறுவனாக, தம் தந்தையின் விரல் பற்றிச் சென்றவர். ஊரில் காணி இல்லை. உழுததோ பிறர் நிலம். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கதை பேசிய காலம் அது. பசித்தவன் எதைத்தான் நம்பமாட்டான்? கங்காணியின் முன்பணம் கையில் ஏறிற்று. கடன் கழுத்தில் ஏறிற்று. மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்தபின், தனுசுக்கோடியில் கப்பலேற்றினர்.

லயம் என்றதும் வீடு என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நீண்ட கொட்டகை, குடும்பத்துக்கு ஓர் அறை. அடுப்பும் அங்கே, பிள்ளைப்பேறும் அங்கே. விடியுமுன் தப்பு முழங்கும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை என்று பிரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை ஏட்டில் பேர் போட்டால்தான் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாட்கூலி. முழு மனிதருக்குப் பாதிப் பெயர்! அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவன் வெள்ளைக்காரன் அல்லன். தமிழன், பெரும்பாலும் மேற்படியில் நின்ற சாதியான். கடல் தாண்டினால் சாதி கெடும் என்றார்களே, கெட்டதா?

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்பையே பதியாத லயத்தில் சான்றுக்கு எங்கே போவது? 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் தில்லியில் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! ஆட்டுமந்தையைப் பங்கிட்டாலும் அண்ணன் தம்பிமார் ஆட்டின் நலத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பர்.

பாட்டியார் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே 'சிலோன்காரி' என்றார்கள். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். எம்மவரோ முன்னோர் ஊரென்று தென்காசிப் பக்கம் வந்தனர். ஊர் இருந்தது, உரிமை சொல்ல ஒரு முழம் மண்ணில்லை. கொழுந்து கிள்ளிய விரல்கள் பீடியிலை சுருட்டக் கற்றன. அந்தப் பீடிக்காசில் எம் தாயார் பள்ளி சென்றார்; நாம் கல்லூரி சென்று பட்டம் பெற்றோம்.

இப்போது எம் தங்கைக்கு வரன் பேசுகிறார்கள். உறவினர் ஒருவர் குடும்பக் குறிப்பில் 'கொழும்பு வணிகர் மரபு' என்று எழுதிக் கொணர்ந்தார். வருவோர் முன்னிலையில் பாட்டியார் வாய்திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். இரயிலைக் 'கோச்சி' என்று சொல்லிவிடுவாராம்! வியர்வையை மறைத்து வாங்கும் பெருமை எதற்கு? வணிகரை அடித்துவிட்டுத் 'தேயிலைத் தோட்டத் தொழிலாளர்' என்று எழுதினோம். தங்கை தலையசைத்தாள். இந்த வரன் போயிற்று என்று சினந்தெழுந்தார் உறவினர். போகலாம், போனாலும் குறிப்பு மாறாது.

பாட்டியார் அந்தத் தாளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார்.

"தோட்டத்துப் பேரையும் போடு" என்றார்.