லாரி என்றொரு நாயகன்

லாரி என்றதும் நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டியை நினைத்துவிட வேண்டாம். லாரி லாஃபர் என்பது ஒரு மனிதனின் பெயர். நாற்பதை நெருங்கும் வயது. வழுக்கை விழத் தொடங்கிய தலை. நாகரிகம் மாறிப் பல்லாண்டுகளாகியும் கழற்ற மனமில்லாத வெள்ளை உடுப்பு. அமெரிக்காவில் சியரா நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘லெஷர் சூட் லாரி’ என்னும் கணினி விளையாட்டின் கதாநாயகன் இவனே. வயது வந்தோருக்கான இவ்விளையாட்டை எழுதிய ஆல் லோ, அதற்குமுன் பள்ளியில் இசை கற்பித்தவர். குழந்தைகளுக்கான விளையாட்டுகளும் செய்தவர் என்றால் நம்பச் சற்றுச் சிரமந்தான்.

விடுதி நண்பரின் கணினியில் அதைத் திறந்தேன். வயதைச் சொன்னால் மட்டும் போதாதாம். பழைய அமெரிக்க அரசியலையும் தொலைக்காட்சியையும் பற்றிக் கேள்விகள் கேட்டு, வாக்குரிமை பெற்று இரண்டாண்டுகளான என்னைச் சிறுபிள்ளையென்று வெளியே தள்ளிவிட்டது! குருட்டு ஊகத்தில்தான் பிறகு கதவு திறந்தது.

உள்ளே நடப்பதோ பரிதாபம். இரவு விடுதியில் கண்ட பெண்ணுக்குப் பரிசுகளாகத் தந்து, அன்றிரவே மணமும் முடிக்கிறான் லாரி. முதலிரவில் அவள் அவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணத்தோடு நடையைக் கட்டுகிறாள்.

அடுத்து வந்த பாகங்கள் அசல் தொலைக்காட்சித் தொடர்களே. 1988இல் தீவுப் பெண்ணொருத்தியுடன் திருமணம். 1989இல் அவள் அவனைக் கைவிடுகிறாள். பின்னர் பியானோ வாசிக்கும் பேட்டி என்பவள்மீது காதல். அவள் தூக்கத்தில் வேறொருவன் பெயரை முணுமுணுக்க, மனமுடைந்து மூங்கில் காட்டுக்குள் போய்விடுகிறான். எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்! எங்கள் வீட்டில் அம்மா தொடர் பார்த்துக்கொண்டே சொல்லும் வார்த்தையும் இதுதான்.

1991இல் வந்தது ஐந்தாம் பாகம். நான்காம் பாகம்? அது எழுதப்படவே இல்லை. அதன் நெகிழ்வட்டுகள் திருடுபோயினவாம். அதனால் லாரிக்கு நினைவு தப்பிவிட்டதாம்! நினைவிழப்பை எத்தனையோ கதாசிரியர்கள் கையாண்டிருக்கிறார்கள். ஒரு பாகத்தையே விழுங்க வைத்த துணிச்சலை நான் இங்குதான் கண்டேன்.

ஆனால் சிரித்து முடித்தபின் ஒன்று உறுத்தியது. கேலிக்கு ஆளாவது லாரிதான், மறுக்கவில்லை. எனினும் முதல் விளையாட்டில் பெண்ணுக்குரிய பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வழி திறக்கிறது. அவள் ஒரு பூட்டு, அவ்வளவே. பின்தொடர்ந்தால், பரிசளித்தால், காத்திருந்தால் அவள் இணங்கியே தீர வேண்டும் என்று நம்புகிற லாரிகள் எங்கள் விடுதியிலும் உண்டு. திரைப்படத்தில் அவனுக்கு ஒரு பாட்டும் வெற்றியும் கிடைக்கும். இங்கே வெறும் பையாவது மிஞ்சுகிறது. அந்த அளவில் இது நேர்மையானது.

மூன்றாம் பாகத்தின் நடுவில் லாரி மறைந்துவிடுகிறான். இனி ஆடுபவர் பேட்டியாகவே நடக்க வேண்டும். “லாரி எங்கே? இவளாக ஏன் ஆட வேண்டும்?” என்று அருகிலிருந்த நண்பர்கள் பொறுமையிழந்தார்கள். எனக்கோ அதுவே இத்தொடரின் சிறந்த பகுதி. அவனைத் தேடிப் புறப்படுகிறவள் அவள். ஆபத்தும் அறிவும் அவளுடையவை. அங்கும் முழு நியாயம் கிடைக்கவில்லை. காட்டைக் கடக்கத் தன் ஆடைகளையே கயிறாகவும் கவணாகவும் அவள் ஆக்க வேண்டியிருக்கிறது. எழுதியது ஆணின் கை என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. பேட்டியே தன் கதையைச் சொல்லும் பாகம் ஒன்று வந்திருக்கலாம். திருடுபோன நெகிழ்வட்டுகளில் இருந்தது அதுதானோ என்னவோ!