சராசரி மறைப்பது

தில்லிக் குளிரில் எப்பாக்சி பிசின் தேன்போல் தடித்துவிடும். அலுமினாத் துகளைக் கலக்கும்போது புகும் காற்றுக் குமிழ்கள், வெற்றிடக் கலத்தில் வைத்தாலும் எளிதில் வெளியேறா. சற்றே சூடாக்கினால் பிசின் இளகும், குமிழ்கள் மேலேறும். அதே இளக்கத்தில் துகள்கள் அடியில் படியத் தொடங்கும். பிசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.15, அலுமினாவினது 3.9. குமிழின் ஏற்றமும் துகளின் இறக்கமும் ஸ்டோக்ஸ் விதி ஒன்றிற்கே கட்டுப்பட்டவை. துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் படியும் வேகம் கால்பங்காகும். ஆனால் நுண்துகள்கள் திரண்டு கட்டியாகும். ஆகவே சூட்டில் கிளறியவாறே குமிழகற்றி, ஆறவைத்து, ஹார்டனர் சேர்த்து, பிசின் இறுகத் தொடங்குமுன் அச்சில் வார்க்கிறேன். அப்போதும் படிவு முற்றிலும் நிற்பதில்லை.

கட்டுரைகளில் ‘20 எடை விழுக்காடு’ என்று எழுதுகிறோம். அது குவளையில் கலந்த அளவு. வார்ப்பில் எங்கும் நிலவும் அளவன்று. தகட்டின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் தனியே அறுத்து அடர்த்தி கண்டால் வேறுபாடு புலப்படும். என் ஆய்வேட்டில் இரு எண்களையும் தருகிறேன். வரைபடத்தின் அழகு குறையும். தேர்வாளரின் வினாக்கள் பெருகும். ஆயினும், இத்தகட்டை நம்பி நாளை ஒருவர் எந்திர உறுப்பு செய்யலாம். அதில் விரிசல், சராசரியில் அன்று, மிக நலிந்த இடத்தில்தான் தொடங்கும்.