கண்ணாடி வீட்டுக் கள்ளிகள்



கள்ளி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியா? கேமரன் மலைக்குப் போனபோது பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய குட்டி முள் உருண்டையா? இரண்டையும் நாம் கள்ளி என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். நம் ரப்பர் மரம், மரவள்ளி, ஆமணக்கு ஆகியவற்றுக்கு அது பங்காளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, கவனமாக இருங்கள். முள் உருண்டை அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. அதன் முட்கள் ஒவ்வொரு கொத்தும் ஒரு சிறு பஞ்சுத் திட்டிலிருந்து கிளம்புவதைப் பார்க்கலாம். அந்தத் திட்டுதான் 'காக்டஸ்' குடும்பத்தின் அடையாளம்.

இரண்டு வகையையும் நான் வளர்ப்பது பனி கொட்டும் நாட்டில் என்றால் நம்புவீர்களா? பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். 1971-ல், 19 வயதில், தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு வந்தேன். அந்தக் காலத்தில் மலேசியாவிலிருந்து எத்தனையோ பெண்கள் அப்படி வந்தார்கள். வேலை, கல்யாணம், பிள்ளை என்று இங்கேயே வேர் விட்டாயிற்று. யார்க்‌ஷயரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 8 அடிக்கு 6 அடியில் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. அதில்தான் என் கள்ளிகள் வாழ்கின்றன.

கண்ணாடி வீடு நமக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி வீடுகளில்தான் முளைக்க வைத்தார்கள். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. பிழைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோல கங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய மரங்களின் கதை இப்படித்தான் தொடங்கியது.

என் கள்ளிகளுக்கு வருவோம். "பாலைவனத்துச் செடிக்குச் சீமையில் எப்படிச் சூடு கொடுக்கிறாய்?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். உண்மையில் பல கள்ளிகளுக்குக் குளிர் புதிதல்ல. பொலிவியா, அர்ஜென்டினா மலைகளில் வளரும் வகைகள் இராக்குளிரைத் தாங்கிப் பழகியவை. ஆனால் அங்கே குளிர்காலம் வறண்ட காலம். இங்கேயோ குளிரும் மழையும் சேர்ந்தே வரும். குளிரில் நனைந்த கள்ளி பிழைப்பது அரிது. ஆகவே கண்ணாடி வீடு என் செடிகளுக்கு முதலில் குடை. அதன் பிறகுதான் அடுப்பு.

டிசம்பரில் இங்கே பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட இராது. செடி உறங்கிவிடும்; வேர் தண்ணீர் குடிக்காது. அந்நேரம் மண் ஈரமாக இருந்தால் வேர் அழுகும். உடம்பில் நீர் நிறைந்திருந்தால் அது உறைந்து, சதை சிதைந்து போகும். காய்ந்து சுருங்கிய செடியின் சாறோ கெட்டியாக இருப்பதால் எளிதில் உறையாது. அதனால் அக்டோபரில் தண்ணீரை நிறுத்திவிடுவேன். மார்ச் கடைசி வரை பெரும்பாலான தொட்டிகளில் ஒரு சொட்டு விழாது. சூடு 5 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும்.

முன்பு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தேன். ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். அதனால் மின்சார அடுப்புக்கு மாறினேன். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் குளிரானாலும் சன்னலைத் திறந்து காற்று விடுவேன். மண்ணில் பாதிக்குப் பாதி பொடிக்கல் கலப்பேன். வெள்ளையாக மாவுப் பூச்சி ஒட்டினால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடுவேன். வேலை அவ்வளவுதான்.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். கள்ளிகளோ நீரைச் சேமிப்பதற்காகப் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். பல வருடம் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தவள் நான். விடியற்காலையில் வீடு திரும்பிக் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது, என்னோடு இரவு முறை பார்த்தவர்களைச் சந்திப்பது போலவே இருக்கும்.

1983 டிசம்பரில், என் பிரசவத்துக்குத் துணையாக அம்மா ஊரிலிருந்து வந்தார். பால் வெட்டிய கை. நாற்று மேடையிலும் வேலை செய்தவர். கண்ணாடி வீட்டில் சுருங்கிக் கிடந்த செடிகளைக் கண்டு அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை, குவளையில் வெந்நீர் கலந்து எடுத்துக்கொண்டு போனார். நான் தடுத்தேன்.

"ஏம்மா, உயிருள்ள செடியப் பட்டினி போடுறியே, பாவமில்லையா? நானும் கன்னுக்குத் தண்ணி ஊத்தினவதான்!" என்று கோபித்துக்கொண்டார்.

அவரிடம் 'லித்தாப்ஸ்' செடியைக் காட்டினேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த அது, பார்ப்பதற்குப் பிளந்த கூழாங்கல் போல் இருக்கும். மொத்தமே இரண்டு இலைதான். குளிர்காலத்தில் அந்தப் பிளவுக்குள் புது இலைகள் இரண்டு உருவாகும். அவை பழைய இலைகளின் நீரைத்தான் குடித்து வளரும். பழையவை வற்றி வற்றிக் கடைசியில் வெறும் காகிதமாகிவிடும். அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து நாம் தண்ணீர் ஊற்றினால் பழசும் வற்றாது. புதுசும் ஒழுங்காக வராது. அம்மா ஒன்றும் சொல்லாமல் குவளையோடு உள்ளே போய்விட்டார். ஜனவரியில் மகள் பிறந்தாள்.

மே மாதம் வந்தது. எலுமிச்சங்காய் அளவே உள்ள 'ரெபூஷியா' கள்ளிகள் அடியைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் செந்நிறமாகப் பூத்தன. குளிரில் காய்ந்து உறங்கியதற்குக் கிடைக்கும் பலன் அந்தப் பூ. அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லித்தாப்ஸின் மேல் ஒட்டியிருந்த காகிதத் தோலை விரலால் மெல்லத் தொட்டார்.

நான் இங்கு வந்த புதிதில், விடுதி அறையில் அழாத இரவு கிடையாது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் சொல்லி எழுதுவிப்பார். அந்த நீல விமானக் கடிதங்களில் ஆடு குட்டி போட்டது இருக்கும். தீமிதி திருவிழா இருக்கும். "வந்துவிடு" என்ற வார்த்தை மட்டும் இருக்காது. அது எனக்குள் முள்ளாகவே இருந்தது. நான் கேட்டதில்லை. அன்று அம்மா தாமாகவே சொன்னார்:

"வாடின்னு ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தா நீ மறு கப்பல்ல ஓடி வந்திருப்ப. அதான் சொல்லல. ஒவ்வொரு கடுதாசியிலயும் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு."

என்னால் பேச முடியவில்லை. ஜூனில் அம்மா ஊருக்குத் திரும்பினார். இன்று அவர் இல்லை. நாங்கள் இருந்த லயமும் இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது.

2022-ல் இங்கே மின்கட்டணம் தாறுமாறாக ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் நான் வீட்டைச் சூடாக்குவதா, செடிகளைச் சூடாக்குவதா என்று கணக்குப் போட வேண்டியதாயிற்று. 15 டிகிரிக்குக் குறையக் கூடாத 'மெலோகாக்டஸ்' வகைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மற்றவற்றுக்குத் தண்ணீரை முன்னதாகவே நிறுத்தி, உறையாத அளவுக்கு மட்டும் சூடு வைத்தேன். டிசம்பரில் கடுங்குளிர் அடித்தது. இரண்டு செடிகள் போயின. மற்றவை அடுத்த மே மாதம் வழக்கம் போல் பூத்தன. அம்மா தொட்டுப் பார்த்த ரெபூஷியாவின் குட்டிகளும் அவற்றில் உண்டு.

உங்கள் வீட்டில் கேமரன் மலைக் கள்ளி இருந்தால் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் குளிர் எதிரி அல்ல, மழைதான் எதிரி. தொட்டியை வெளிச்சம் படும் தாழ்வாரத்தில், சாரல் தொடாத இடத்தில் வையுங்கள். அடியில் துளை இருக்கட்டும். மண் முழுக்கக் காய்ந்தது தெரிந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளைகள் ஆசையாகக் குவளையோடு ஓடிவந்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் பொறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.