ரிக் வேலைக்கு உள்ளூர் ஆளை எடுத்தால் மட்டும் போதுமா?

மெக்கானிக்கல் படிக்கிற எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே கனவு: நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் ஒரு வேலை. சில வாரம் வேலை, சில வாரம் லீவு, கை நிறையச் சம்பளம். எனக்கும் அந்த ஆசை உண்டு, மறைப்பானேன்! அதனால்தான் இந்தத் தொழிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 'ஓஷன் ரேஞ்சர்' என்ற ரிக்கின் கதை.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. காட் மீன் பிடித்துப் பிழைத்த ஜனங்கள். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பேர்போன இடம். அந்தக் கடலில் எண்ணெய் தேட வரும் கம்பெனிகள் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று மாகாண அரசு 1970-களிலேயே விதி போட்டது. 1979-ல் ஹைபர்னியா என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. விதி நியாயமானதுதான். நம்ம ஊருக்கு ஒரு ஆலை வந்தாலும் முதலில் இதைத்தானே கேட்போம்?

ஓஷன் ரேஞ்சர் அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய மிதக்கும் ரிக்குகளில் ஒன்று. இந்த மாதிரி ரிக் கடலில் மட்டமாக நிற்பதற்கு அடியில் பெரிய தொட்டிகள் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால், எந்தத் தொட்டியில் தண்ணீரை ஏற்றுவது, எதிலிருந்து இறைப்பது என்று ஒரு கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். ரிக்கின் உயிரே அந்த அறையில்தான்.

1982 பிப்ரவரி 14 இரவு பெரும் புயல். அலை அடித்து அந்த அறையின் கண்ணாடி ஜன்னல் உடைந்தது. புயல் நேரத்தில் ஜன்னலை மூடுவதற்கென்றே இரும்பு மூடி இருந்தது, யாரும் மூடியிருக்கவில்லை. உப்புத் தண்ணீர் கண்ட்ரோல் பேனலில் கொட்டி ஷார்ட் சர்க்யூட் ஆனது. பேனலுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு அப்படியே விட்டிருந்தால் வால்வுகள் தாமாக மூடி ரிக் தப்பித்திருக்கும். ஆனால் மறுபடி கரண்ட் கொடுத்தார்கள், வால்வுகள் திறந்தன. கையால் இயக்குவதற்கான பித்தளைக் கம்பிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் சரியாகத் தெரியவில்லை. ரிக் முன்பக்கம் சாய்ந்தது. விடிவதற்குள் மூழ்கியது.

மொத்தம் 84 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதில் 56 பேர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள். உறைய வைக்கும் குளிரில் உயிர் காக்கும் உடை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஒரு உயிர்காப்புப் படகு உதவிக் கப்பலின் பக்கத்திலேயே வந்து சேர்ந்து, அங்கேயே கவிழ்ந்தது.

பிறகு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். ரிக்கின் வடிவமைப்பில் குறைகள் இருந்தன. ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் அங்கே இருந்திருந்தால் தடுத்திருக்கலாம், பயிற்சியும் போதாது, சரியான கையேடும் இல்லை என்றது கமிஷன். இதை வைத்து "உள்ளூர் ஆளை எடுத்ததால்தான் இப்படி" என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். ரிக் அமெரிக்கக் கம்பெனியுடையது, அதிகாரம் செலுத்தியவர்களும் அமெரிக்கர்கள். பயிற்சிக் குறை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. என் வருத்தம் வேறு. "எங்கள் ஆட்கள் எத்தனை பேர்?" என்று அரசு கேட்டது. "அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை. தலையை எண்ணினார்கள், பாடத்தை எண்ணவில்லை.

இன்று அங்கே நிலைமை மாறிவிட்டது. உயிர்காப்புப் பயிற்சி இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. குளத்துக்குள் ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டை இறக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, வெளியே வரச் சொல்லிப் பழக்குகிறார்கள். என் பெரியப்பா மகன் வளைகுடாவில் ஒரு ரிக்கில் இருக்கிறார், அவரும் இதைச் செய்தவர். "ஜன்னல்ல ஒரு கை, பெல்ட்ல ஒரு கை, தண்ணி முழுசா ஏறுற வரைக்கும் அசையக்கூடாதுடா தம்பி" என்று போனில் சொன்னார். "சரிண்ணா, ரிக்குல மெஷினப் பத்தி யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "பக்கத்துல நிக்கிறவன் செய்யறதப் பாத்து செய்யணும், அவ்ளோதான்" என்றார்.

இங்கேதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபத்திலிருந்து தப்பிப்பது ஒரு படிப்பு. ஆபத்தே வராமல் மெஷினைப் புரிந்துகொண்டு நடத்துவது வேறு படிப்பு. முதலாவதுக்குச் சர்டிபிகேட் உண்டு, சில நாளில் முடிந்துவிடும், நம்ம ஊர் ஏஜென்சிகள் பணம் வாங்கிக்கொண்டு கூவிக் கூவி அழைப்பதும் அதற்குத்தான். இரண்டாவதற்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும். அதற்குக் காசு செலவழிக்க யாருக்கும் மனசு வராது.

ரிக் கனவில் இருக்கும் நண்பர்களே, இன்டர்வியூவில் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "நான் எந்த மெஷினில் நிற்பேன்? அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்கு யார் சொல்லித்தருவார்கள்? எத்தனை நாள்?" பதில் சொல்லத் தெரியாத கம்பெனிக்கு நான் போகப் போவதில்லை.